டிரெயினி ஜாஸ்மின் கடலை அறிமுகம் செய்த கதை

பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து ஜாஸ்மின் டிரெயினியாகத்தான் இருக்கிறாள். முதலில் ஒரு செல்போன் கம்பெனியில் திருகு முடுக்கப் பயிற்சி. இரண்டு வருடம் முடிந்ததும் கைகுலுக்கி, சான்றிதழ் கொடுத்து, போய் வா என்றார்கள். அடுத்து, கார்களுக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனி. வயருக்கு டேப் சுற்றப் பயிற்சி. அங்கும் இரண்டு வருடம், அங்கும் ஒரு கைகுலுக்கல். மூன்றாவது கம்பெனியில் புதிதாக வந்த பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் அவள். அதே பெண்களோடு வரிசையில் நின்று, இன்று முதல் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். டேப் சுற்றிப் பழக இத்தனை வருடம் ஆகுமென்றால், டாக்டர் படிப்புக்கு மூன்று ஜென்மம் ஆக வேண்டும். ஆனால் அந்த வட்டாரத்தில் யாரும் இதைக் கணக்குப் பார்ப்பதில்லை. நிரந்தரமானவன் சங்கம் கேட்பான், சம்பள உயர்வு கேட்பான், சமயத்தில் ஞாயிற்றுக்கிழமைகூடக் கேட்பான். டிரெயினி எதையும் கேட்கமாட்டாள். கேட்டால், முதலில் கற்றுக்கொள் என்று சொல்லிவிடலாம்.

ஜாஸ்மினின் ஊர் வல்லம் வடகால். அவளுடைய தாத்தா மண்ணாங்கட்டி அங்கே ஊரார் நிலத்தை உழுதவர். நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போனபோது, பட்டா வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. உழுதவர்களுக்கு வாக்குறுதி கிடைத்தது: வீட்டுக்கு ஒரு வேலை. வாக்குறுதிக்குப் பட்டா கிடையாது. ஜாஸ்மினின் அப்பா ஜெபகுமார் அந்த ஒரு வேலைக்காக மனு கொடுத்துக்கொண்டே இருந்தார். கர்த்தர் கதவைத் திறப்பார் என்றார் பாஸ்டர். ஆடி கழியட்டும், அம்மன் கண்ணைத் திறப்பாள் என்றார் எதிர்த்தெருப் பூசாரி. ஜென்மத்துக்கும் ஒத்துப்போகாத அந்த இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: காத்திரு. அப்பா காத்திருந்தபடியே செத்துப்போனார். திறந்தது கம்பெனி வாசல் மட்டும்தான், அதுவும் ஷிப்டுக்கு ஷிப்டு திறந்து மூடிக்கொள்கிற வாசல்.

மூன்றாவது கைகுலுக்கலுக்குப் பிறகு ஜாஸ்மின் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு பெரிய ஹோட்டலில் சேர்ந்தாள். சர்ச்சில் சிறுவயது முதல் வசனம் வாசித்துப் பழகிய கணீர்க் குரல் அவளுக்கு. அந்தக் குரலைக் கேட்டு, மாநாட்டுக்கு வருகிறவர்களை ஊர்சுற்றிக் காட்டும் வேலையைக் கொடுத்தார் மேனேஜர் புருஷோத்தமன். வேலையின் பெயர்: டூர் டெஸ்க் டிரெயினி.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் புருஷோத்தமன் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாளைக்கு மகாபலிபுரம் டூர். நல்லபடியா முடிச்சுக் குடும்மா. வெள்ளிக்கிழமை கன்ஃபர்மேஷன் ஆர்டர் உன் கைல. டைப் அடிச்சு வச்சாச்சு. என் சைன் மட்டும்தான் பாக்கி."

"போன தபாவும் இதத்தான் சார் சொன்னீங்க."

"போன தபா வந்தது பல் டாக்டருங்க. அவுங்களால நமக்கு இன்னா பிரயோஜனம்? இவுங்க ஹெச்.ஆர். ஆளுங்கம்மா. இவுங்க வாய்லேந்து நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை வந்துட்டா வருஷம் பூரா நமக்கு மாநாடுதான். நீயும் பர்மனென்ட், நானும் ஜி.எம்."

அன்று இரவு வீட்டில் அம்மா ரத்னாவிடம் ஜாஸ்மின் இதைச் சொன்னாள். ரத்னா சோற்றைக் கிளறிக்கொண்டே, "சைன் போட்ட பேனா மூடியக் காட்டு, அப்ப நம்புறேன்" என்றாள். ஆனாலும் மகளின் சீருடையை எடுத்து இன்னொரு முறை இஸ்திரி போட்டாள். நம்பிக்கையில்லாதவர்கள்தான் இந்த உலகத்தில் இஸ்திரி ஒழுங்காகப் போடுகிறார்கள்.

அந்த மாநாட்டின் பெயர் 'தொழிலாளர் மகிழ்ச்சி மாநாடு'. நாடெங்கிலுமிருந்து வந்த மனிதவள அதிகாரிகள், தொழிலாளியை எப்படி மகிழ்விப்பது என்று மூன்று நாள் குளிர்சாதன அறையில் விவாதித்தார்கள். சம்பளத்தைக் கூட்டலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவ்வளவு மலிவான யோசனைக்கு மாநாடு எதற்கு? தொடக்க விழாவில் குத்துவிளக்கை ஒரு ரோபோ கை ஏற்றியது. ஏற்றுவதற்கு முன், அந்த ரோபோ கைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் சுற்றினார்கள்.

மாநாட்டை நடத்தியவர் மோகன். அவரை ஜாஸ்மினுக்குத் தெரியும். வயர்க்கட்டுக் கம்பெனியில் ஹெச்.ஆர். தலைவராக இருந்து, சான்றிதழ் கொடுத்துக் கைகுலுக்கி அவளை வழியனுப்பியவர் அவர்தான். அவருக்கு அவளைத் தெரியவில்லை. அன்று ஒரே மேடையில் நூற்றுக்கணக்கான கைகளைக் குலுக்கியவர். முகங்களைப் பார்க்க நேரமேது?

"ஃப்ரெஷராம்மா நீ?" என்று கேட்டார்.

"ஆமா சார். ரொம்ப வருஷமா."

மோகன் அதைக் காதில் வாங்கவில்லை.

கடற்கரையில் சூரிய உதயம் பார்ப்பதாகத்தான் முதலில் திட்டம். ஆனால் வியாழக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரை வரை எமகண்டம். மோகன் வெளிநாட்டில் படித்தவர். எமகண்டத்தில் வண்டி ஏறமாட்டார். ஆகவே சூரியனை மன்னித்துவிட்டு, ஏழரை தாண்டிப் புறப்பட்டார்கள். எமன் போகட்டும் என்று அவர்கள் காத்திருந்த அந்த நேரத்தில்தான், தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடிந்து, ஓ.டி.யும் முடிந்து, பெண்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

ஹோட்டல் சிக்கனமாகப் பிடித்த வண்டியும் ஒரு கம்பெனி பஸ்தான். முன்பாதி சீட்டுகளுக்கு வெள்ளை உறை போட்டு, கிழிந்துகிடந்த பின்பாதியை மறைக்கக் குறுக்கே 'மகிழ்ச்சியே உற்பத்தி' என்று எழுதிய பெரிய பேனரைக் கட்டியிருந்தார்கள். முன்கண்ணாடியில் இருந்த 'பென்னலூர் – ஷிப்டு பஸ்' என்ற அட்டையை எடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. டிரைவர் மாரிராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வருடக்கணக்காக அதே தடத்தில் ஓட்டி, இடுப்புக்குக் கீழே அவர் உடம்பு தானாகவே அந்த வழியில் போகப் பழகியிருந்தது. ஒரகடம் நோக்கி நேராகப் போக வேண்டியவர், வல்லம் வடகால் திருப்பத்தில் தன்னை அறியாமல் வண்டியைத் தொழிற்பேட்டைக்குள் திருப்பி, தினமும் நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டார்.

"இங்க ஏன்ணே நிறுத்துனீங்க?" என்றாள் ஜாஸ்மின்.

மாரிராஜ் முழித்தார். "நான் எங்கம்மா நிப்பாட்டுனேன்? காலுல்லா நிப்பாட்டிருச்சு."

நல்லவேளையாக அங்கே ஓர் இளநீர் வண்டி நின்றது. மோகன் அதைப் பார்த்து மகிழ்ந்தார். "குட் ஸ்டாப்!" என்று பாராட்டி எல்லோரையும் இறக்கினார். அதிகாரிகள் இளநீரை வாயில் வைத்துப் படமெடுத்துக்கொண்டார்கள். மாரிராஜ் முகம் கழுவப் போனார். ஜாஸ்மின் ஆளாளுக்கு ஸ்ட்ரா பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தடத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்டு முடிந்து பென்னலூர் ஹாஸ்டலுக்குத் திரும்பும் பெண்கள் டிரைவரையோ வண்டியையோ பார்க்க மாட்டார்கள். கண்ணாடியில் இருக்கும் அட்டையைத்தான் பார்ப்பார்கள். ஏறி, ஜன்னலோரம் பிடித்து, துப்பட்டாவால் முகத்தை மூடினால் வண்டி கிளம்பும் முன்பே தூக்கம். அன்றும் ஏழெட்டுப் பெண்கள் அட்டையைப் பார்த்தார்கள், ஏறினார்கள், பேனரை விலக்கிக்கொண்டு பின்னால் போனார்கள், தூங்கினார்கள். மகிழ்ச்சியைப் பற்றி அதில் எழுதியிருந்ததை ஒருத்தியும் படிக்கவில்லை.

பஸ் சிங்கப்பெருமாள்கோவில் கடந்து, செங்கல்பட்டு கடந்து போனது. ஜாஸ்மின் மைக்கைப் பிடித்துக் கடலோரத்தை அறிமுகம் செய்யத் தொடங்கினாள். புருஷோத்தமன் எழுதிக் கொடுத்த உரை அது. எந்தத் தீவுக்காகவோ எவனோ எழுதியதை எங்கிருந்தோ எடுத்திருந்தார். வெண்மணல், பச்சை நீர், துள்ளி விளையாடும் டால்பின்கள் எல்லாம் அதில் இருந்தன. கல்பாக்கத்து அணு உலை மட்டும் இல்லை. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இல்லை. கடற்கரையை வளைத்துக் கட்டிய பங்களாக்களுக்குப் பின்னால் ஒதுக்கப்பட்ட மீனவர் குப்பங்களும் இல்லை. இல்லாத டால்பினை விட்டுவிடாதவர், இருக்கிற மனிதர்களை விட்டிருந்தார்.

திருக்கழுக்குன்றத்து மலை தெரிந்ததும், அந்தக் காலத்தில் தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் இங்கே வந்து பொங்கல் சாப்பிடும் என்று வாசித்தாள்.

"இப்பவும் வருதா?" என்று கேட்டார் முன்சீட்டு அதிகாரி ஒருவர்.

"வர்றதில்ல சார்."

"ஏன்?"

"கான்ட்ராக்ட் முடிஞ்சிருக்கும் சார்."

மாரிராஜ் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் ஆடியது. மோகன் சிரிக்கவில்லை. ஜாஸ்மின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆர்டர் வேண்டுமென்றால் வியாழக்கிழமை வாயைக் கட்ட வேண்டும். மறுபடி காகிதத்தைப் பார்த்து, "அலைகளின் இன்னிசை இப்போது உங்கள் காதுகளில்..." என்று வாசித்தாள்.

பேனருக்குப் பின்னாலிருந்து ஒரு குறட்டை வந்தது. நல்ல, உழைத்த குறட்டை.

பூஜா என்ற மன அமைதி ஆலோசகர் எழுந்து போய் பேனரைத் தூக்கினாள். உள்ளே வாயைப் பிளந்தபடி, ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்து, நீலச் சீருடையில் பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் பட்டு ஒருத்திக்கு மட்டும் விழிப்பு வந்தது. அவள் பெயர் பிரவீனா.

"அண்ணே, ஹாஸ்டல் வந்துச்சா?" என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். தூரத்தில் சவுக்குத் தோப்புக்கு அப்பால் ஒரு நீலக் கோடு. "இன்னாக்கா இது? கடலு மாரி கீது?"

"கடலுதான்மா," என்றாள் ஜாஸ்மின்.

"ஐயய்யோ! பென்னலூர் போற வண்டி இல்லியா இது? பத்தரைக்குள்ள போவலன்னா வார்டன் சோத்த மூடிடுவாங்களே!"

மோகன் முதலில் கோபப்பட்டார். "செக்யூரிட்டி இஷ்யூ இது. வண்டிய நிறுத்தி இவங்கள இறக்கி விடு."

"எங்க சார் இறக்குறது? நடு ரோட்டுலயா?"

"பஸ் வரும், போவாங்க. நம்ம ப்ரோகிராம் லேட் ஆவுது பாரு."

அதற்குள் பூஜாவின் கண்கள் பளபளத்தன. "வெயிட், வெயிட். மோகன், இது நமக்கு கிஃப்ட். நிஜமான தொழிலாளிங்க! இவங்கள பீச்ல ஓடவிட்டு, கையைத் தூக்கிக் குதிக்கச் சொல்லி ஒரு வீடியோ எடுத்தா? நிறைவு விழாவுல அதைத்தான் போடணும்."

மோகனின் முகம் நொடியில் மாறியது. சற்று முன் பாதுகாப்புப் பிரச்சினையாக இருந்தவர்கள் இப்போது மகிழ்ச்சியின் சான்று. மூன்று நாளாக அந்த மாநாட்டில் குறைந்திருந்ததும் அதுதான். தொழிலாளர் மகிழ்ச்சி மாநாட்டுக்கு அதுவரை ஒரு தொழிலாளியும் வந்திருக்கவில்லை.

மகாபலிபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. அதிகாரிகள் இறங்கி மணலில் குதிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பூஜா வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாள். பின்சீட்டில் பிரவீனா, "அக்கா, ராத்திரி மறுபடி ஷிப்டு கீதுக்கா. கடலு எங்க ஓடிடப் போவுது?" என்று சொல்லித் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஜாஸ்மினின் போன் அடித்தது. மோகன் ஏற்கெனவே புருஷோத்தமனிடம் பேசியிருந்தார்.

"பத்து நிமிஷம் குதிக்க வை, அவ்வளவுதான். அப்புறம் ஒரு டீ வாங்கிக் குடுத்துடு. நாளைக்கு ஆர்டர் உன் கைல. இத சொதப்பாதம்மா."

"தூங்குறாங்க சார்."

"எழுப்பும்மா! தூங்குறவங்கள எழுப்புறதுக்குக் கூடவா உனக்கு டிரெயினிங் குடுக்கணும்?"

ஜாஸ்மின் பஸ்ஸுக்குள் போனாள். பேனருக்கு அந்தப் பக்கம் காற்று வெப்பமாக, இயந்திர எண்ணெயும் வியர்வையும் கலந்து வீசியது. பிரவீனாவின் தோளைத் தொடக் கையை நீட்டினாள். வெள்ளிக்கிழமை இந்தக் கையில் அந்தக் காகிதம் இருக்கும். பிறகு அம்மா அக்கம்பக்கத்தில் போய்ச் சொல்வாள். யாரும் கைகுலுக்கி அனுப்ப மாட்டார்கள்.

வயர்க்கட்டுக் கம்பெனியில் ஒரு யோகா தினத்தன்று, இரவு ஷிப்டு முடிந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவளை இப்படித்தான் ஒரு கை தோளைத் தட்டி எழுப்பியது. புல்தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். கம்பெனிப் பத்திரிகையில் அந்தப் படத்தைப் போட்டு, 'ஆழ்ந்த தியானத்தில் நம் ஊழியர்' என்று எழுதினார்கள். டிரெயினியை ஊழியர் என்று அவர்கள் ஒப்புக்கொண்டது அந்த ஒரே ஒரு தடவைதான். அதற்கும் அவள் கண்ணை மூட வேண்டியிருந்தது.

நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். கீழே இறங்கி, கதவை மறைத்து நின்றாள்.

"என்னம்மா, ரெடியா?" என்றார் மோகன்.

"நான் எழுப்பல சார்."

"வாட்?"

"விடிய விடிய வேல செஞ்சுட்டு வந்துருக்காங்க. தூங்கட்டும்."

"ஏம்மா, இது அவங்க சந்தோஷத்துக்குத்தானே?" என்றாள் பூஜா, மன அமைதி குறையாமல்.

"தூக்கந்தான் மேடம் அவுங்க சந்தோஷம். அத கலைச்சு வேற சந்தோஷம் குடுக்கப் போறீங்களா?"

"நீ யாரு இத முடிவு பண்ண?" மோகனின் குரல் உயர்ந்தது. "நீ ஒரு டிரெயினி!"

"நீங்கதான் சார் ஆக்குனீங்க. டேப் சுத்துனேன் உங்க கம்பெனில. கை கூடக் குலுக்குனீங்க."

மோகன் தன் உள்ளங்கையை ஒரு கணம் பார்த்துக்கொண்டார். ஞாபகம் வந்ததா என்பது தெரியவில்லை.

மாரிராஜ் தலையைச் சொறிந்தபடி வந்தார். "ஏம்மா, எனக்கு மத்தியான ஷிப்டுக்குப் பென்னலூர்ல ஆள் ஏத்தணும், பாத்துக்கிடுங்க. பன்னெண்டுக்குள்ள வுட்டுருதோம்னுதான் ஓட்டல்ல சொன்னாவ. இவுக குதிச்சு முடிச்சு, சாப்புட்டு, எப்பப் போவ?"

ஜாஸ்மின் அவரைப் பார்த்தாள், மோகனைப் பார்த்தாள். "அண்ணே, வண்டிய எடுங்க. மொதல்ல இவுங்கள ஹாஸ்டல்ல வுடுங்க. அப்புறம் ஷிப்டு ஏத்துங்க."

"நோ! வண்டி இங்கதான் நிக்கும்!" என்றார் மோகன்.

"லைன் நின்னுடும் சார்."

அந்த மூன்று சொற்களைக் கேட்டதும் மோகன் மட்டுமல்ல, எல்லா அதிகாரிகளும் ஓரடி பின்வாங்கினார்கள். ஒருவர் அனிச்சையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வட்டாரத்தில் பக்தி பலவிதம். ஆனால் உற்பத்தி லைன் நிற்கக் கூடாது என்பதில் எல்லா மதமும் ஒன்று. அவர்கள் ஒதுங்கி வழிவிட, பெண்கள் ஒருத்திகூட விழிக்காமல், மகிழ்ச்சிப் பேனருக்குப் பின்னால் தூங்கியபடியே ஊர் திரும்பினார்கள்.

இரண்டாவது போன் வர அதிக நேரம் ஆகவில்லை.

"நாளையிலேந்து நீ வர வேணாம்," என்றார் புருஷோத்தமன்.

"வேலைக்கு எடுத்தேன்னு ஒரு ஆர்டர் குடுத்தாத்தான சார் வேலைய வுட்டு அனுப்ப முடியும்? அத இன்னும் குடுக்கலியே நீங்க."

அவர் போனை வைத்துவிட்டார். ஜாஸ்மின் அதிகாரிகளுக்குச் செங்கல்பட்டு வழியாகப் போகும் அரசு பஸ் எங்கே நிற்கும் என்று கைகாட்டினாள். இறங்கியதும் மாறுவதற்கு எந்த பஸ் என்றும் சொன்னாள். பிறகு தனியாக நடந்தாள். மகிழ்ச்சி வல்லுநர்கள் உச்சிவெயிலில், ஓலைத்தொப்பிக்குப் பேரம் பேசியபடி நின்றார்கள். நிறைவு விழாவில் மோகன், நாங்கள் எளிய மக்களோடு மக்களாகப் பயணம் செய்தோம் என்று பேசிக் கைதட்டல் வாங்கியதாகக் கேள்வி.

மறுநாள், ஆர்டர் வருவதாகச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை, புருஷோத்தமனே மறுபடி கூப்பிட்டார். கண் டாக்டர்கள் மாநாடு. மைக் பிடிக்க ஆளில்லை.

"கோவத்துல சொல்லிட்டேம்மா. வந்துடு. டிரெயினியாவே கண்டினியூ பண்ணு. ஆறு மாசம் பார்த்துட்டு..."

"சைன் போட்ட ஆர்டர் கைக்கு வரட்டும் சார். வர்றேன்."

ஆர்டர் வரவில்லை. அவளும் போகவில்லை. கண் டாக்டர்கள் யாரும் அறிமுகம் செய்துவைக்காமலே கடலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதனால் கடலுக்கு ஏதும் குறை நேர்ந்ததாகத் தகவல் இல்லை.

ரத்னா இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தக் கடன்காரப் பசங்களுக்கு நல்லா குடுத்தியா?" என்று கேட்டாள். குடுத்தேன் என்றாள் ஜாஸ்மின். "சாப்புடு" என்று தட்டை நகர்த்தினாள் அம்மா.

இப்போது ஜாஸ்மின் காலையில் தொழிற்பேட்டையில் ஆளெடுக்கும் வாசல்களுக்குப் போகிறாள். சான்றிதழ்களை வாங்கிப் பார்ப்பவர்கள், அனுபவம் நிறைய இருக்கிறதே என்று மெச்சுகிறார்கள்.

"பர்மனென்டா எடுப்பீங்களா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"மொதல்ல டிரெயினியா சேரும்மா. அப்புறம் பார்க்கலாம்."

சான்றிதழ்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடக்கிறாள். இதுவரை நாலு ஆகிவிட்டது. வல்லம் வடகாலில் வாசல்களுக்குப் பஞ்சமில்லை.